கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று: சிறு குழந்தை இருக்கும்போதே மறுபடி கருவுற்ற தாய்மார் கேட்கும் கேள்விகள்

முதல் பிள்ளை நடை பழகும் வயதில் இருக்கும்போதே அடுத்தது உண்டாகிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். முதல் கர்ப்பத்தில் கிடைத்த ஓய்வும் தாய்வீட்டுக் கவனிப்பும் இரண்டாவதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. பிள்ளைக்கு வரும் சளியும் காய்ச்சலும் தாயையும் தொடுகின்றன. அதனால் குழந்தையின் நலத்தையும் தாயின் சௌகரியத்தையும் பிரிக்காமல் இங்கே பேசுகிறோம். அரசுத் திட்டங்கள், தடுப்பூசித் தவணைகள் பற்றிய விவரங்கள் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளவை.

மூத்தவனுக்கு ஒன்றேகால் வயது. இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். கர்ப்பமானதும் பால் கெட்டுவிடும், உடனே நிறுத்து என்கிறார் மாமியார். நிறுத்த வேண்டுமா?

பால் கெடாது. கர்ப்ப ஹார்மோன்களால் நான்காம், ஐந்தாம் மாதத்தில் அளவு குறையும், சுவையும் மாறும். அதனால் பல குழந்தைகள் தாமாகவே விட்டுவிடும். விடாவிட்டால் குற்றமில்லை. 2 வயது வரை தாய்ப்பால் நல்லது என்ற பரிந்துரை கர்ப்பத்தால் மாறுவதில்லை.

ஆனால் மாமியாரின் கவலையில் ஓர் உண்மை இருக்கிறது. குழந்தை சப்பும்போது கருப்பையை இறுக்கும் ஹார்மோன் சுரக்கிறது. ஆரோக்கியமான கர்ப்பத்தில் அதனால் கேடில்லை. முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ, இப்போது இரத்தக்கசிவு இருந்தாலோ, இரட்டைக் கரு என்றாலோ மருத்துவரிடம் கேட்டு நிறுத்திவிடுவதே சரி. நிறுத்துவதென்றால் ஒரே நாளில் வேப்பெண்ணெய் தடவி நிறுத்தாதீர்கள். மார்பு கட்டிக்கொள்ளும், பிள்ளையும் ஏங்கிப்போகும். முதலில் பகல் வேளை ஒன்று, சில நாள் கழித்து இன்னொன்று, கடைசியாக இரவு வேளை என்று குறைக்கலாம்.

தொடர்ந்து கொடுத்தாலும் பாலை நம்பி மூத்தவன் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். குழைந்த பருப்புச் சோறு, முட்டை, அங்கன்வாடி சத்துமாவு, பழம் என ஒரு நாளைக்கு 3 வேளைச் சாப்பாடும் 2 வேளைச் சிற்றுண்டியும் இந்த வயதுக்குத் தேவை. குழந்தை பிறந்த பிறகு சீம்பால் முதலில் பச்சைக் குழந்தைக்கு. மூத்தவன் அதற்கு அப்புறம்.

மசக்கையில் தலை தூக்க முடியவில்லை. பின்னால் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வது?

வெறும் வயிறுதான் முதல் எதிரி. இரவே தலைமாட்டில் பொரியோ ரஸ்க்கோ மூடிவைத்து, கண் விழித்ததும் படுத்தபடியே நாலு வாய் மென்று, கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்தால் வயிறு நிரம்பி உடனே குமட்டும். தண்ணீரை இடைவேளைகளில் வாய் வாயாகக் குடியுங்கள். தாளிக்கும் வாசனைதான் பலருக்கு ஆகாது. அந்த முதல் மூன்று மாதம் தாளிப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்வது பெரிய உதவி. தயிர்சாதம், இட்லி போன்ற ஆறிய உணவில் வாசனை குறைவு. இஞ்சியும் கேட்கும்.

இதற்கெல்லாம் அடங்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. டாக்ஸிலமைன், பைரிடாக்ஸின் சேர்ந்த மாத்திரை கர்ப்பத்தில் நெடுங்காலமாகத் தரப்படுவது. மருத்துவர் எழுதித்தருவார். அது தூக்கம் வரவழைக்கும், அதனால் பெரும்பாலும் இரவில்தான் தொடங்குவார்கள். சிறு பிள்ளையோடு தனியாக இருப்பவர் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 8 மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டாலும், போனது அடர்மஞ்சளாக இருந்தாலும், குடித்த தண்ணீர்கூட நிற்காவிட்டாலும் மசக்கை என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டாலே குமட்டுகிறது. கீரை, பேரீச்சம்பழம் போதாதா?

போதாது. இரண்டு பிரசவங்களுக்கு நடுவே 2 ஆண்டுகூட இடைவெளி இல்லாவிட்டால், முதல் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் கரைந்த இரும்புச்சத்து இன்னும் திரும்பியிருக்காது. அந்தக் குறையை உணவால் மட்டும் சில மாதங்களில் நிரப்ப முடியாது. முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும். நான்காம் மாதத்திலிருந்து தினம் 1 இரும்புச்சத்து மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பிரசவம் வரை குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள்.

குமட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்து, படுக்கும் முன் போடுங்கள். ஒரு துண்டு கொய்யா, நெல்லிக்காய், அல்லது எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் 1 மணி நேரம் டீ, காபி வேண்டாம். அதிகம் நடக்கும் தவறு, கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வது. கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. கால்சியம் காலைச் சாப்பாட்டோடும் மதியச் சாப்பாட்டோடும், இரும்பு இரவில் என்று பிரித்துவிட்டால் குழப்பமில்லை. மலம் கறுப்பது இயல்பு. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கொண்டைக்கடலை, வாழைத்தண்டு. அதுவும் போதாவிட்டால் இசப்கோல். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம், வயிற்றைப் பிசைந்து வலியைத் தூண்டிவிடும்.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும். மாத்திரை டப்பாவை மூத்த குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்து மாத்திரையை விழுங்கினாலும் சின்னக் குழந்தைக்கு இரும்பு விஷமாகிவிடும்.

பிள்ளையை இடுப்பில் தூக்கலாமா?

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 10, 12 கிலோ பிள்ளையை அவ்வப்போது தூக்குவதால் கரு கலையாது. வலி இடுப்பிலும் முதுகிலும்தான். கர்ப்பத்தில் மூட்டுகளின் இணைப்பு இளகியிருக்கும். ஒரே பக்க இடுப்பில் தூக்கிவைத்து நின்றால் அந்தப் பக்கம் முழுப் பாரமும் இறங்கும். தரையிலிருந்து தூக்கும்போது முழங்காலை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து எழுங்கள். அதைவிட எளிது, நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவளையே ஏறி மடிக்கு வரச் சொல்வது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தாலோ, இரத்தக்கசிவு இருந்தாலோ தூக்கவே வேண்டாம்.

பிள்ளை வைத்த மீதிச் சோற்றை நான்தான் சாப்பிடுகிறேன். இதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. ஆனால் இங்கே முக்கியமானதாக நாங்கள் நினைப்பது இதைத்தான். சைட்டோமெகலோ வைரஸ் என்ற கிருமி சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் வெளியேறும். குழந்தைக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. நம் பெண்கள் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே இது வந்துபோயிருக்கும், என்றாலும் மறுபடி தொற்றவும் வாய்ப்பு உண்டு. கருவைத் தொட்டால் பிறக்கும் சில குழந்தைகளுக்குக் காது கேளாமை வரலாம். இதற்குத் தடுப்பூசி இல்லை.

ஆகவே கர்ப்ப காலம் முழுக்கப் பிள்ளையின் மீதிச் சோறு, அவன் கடித்த பழம், அவன் ஸ்பூன், டம்ளர் எதுவும் உங்கள் வாய்க்கு வேண்டாம். ஊட்டும்போது சூடு பார்க்க நுனிநாக்கில் வைப்பதும் வேண்டாம், புறங்கையில் வைத்துப் பாருங்கள். முத்தம் நெற்றியில் கொடுங்கள், உதட்டில் வேண்டாம். சிறுநீர்த் துணி, டயப்பர் மாற்றிய பிறகும் மூக்கைத் துடைத்த பிறகும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். சோறு வீணாகிறதே என்ற மனக்கஷ்டத்துக்கு வழி, முதலிலேயே கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பது.

மூத்தவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. நான் 5 மாதம். விலகி இருக்க வேண்டுமா?

முதலில் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்: எனக்குச் சின்னியம்மை வந்திருக்கிறதா? வந்திருந்தால் பயமில்லை. வரவில்லை, அல்லது தெரியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போனில் சொல்லிவிட்டுப் போங்கள். மற்ற கர்ப்பிணிகள் உட்காரும் வரிசையில் போய் உட்கார வேண்டாம். இரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அதற்கென உள்ள இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்களுக்கே கொப்புளம் வந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் வைரஸுக்கு எதிரான மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். கர்ப்பிணிக்கு அம்மை நுரையீரலைத் தாக்கக்கூடியது. பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தைக்கும் ஆபத்து.

வேப்பிலை கட்டுங்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளையும் பாருங்கள், யாரும் தடுக்கவில்லை. மருத்துவரிடம் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் வேண்டாம். அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் எக்காரணம் கொண்டும் தரக்கூடாது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும்.

நான் கர்ப்பமாக இருக்கும்போது பிள்ளைக்குத் தடுப்பூசி போடலாமா? எனக்கு என்னென்ன?

பிள்ளைக்கு எதையும் தள்ளிப்போட வேண்டாம். தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்ட குழந்தையிடமிருந்து தாய்க்கு அது தொற்றுவதில்லை. மாறாக, அந்த ஊசி வீட்டுக்குள் ரூபெல்லா வராமல் தடுத்து உங்கள் கருவைக் காக்கிறது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்குப் பிறகு மலத்தைச் சுத்தம் செய்ததும் கை கழுவினால் போதும். கர்ப்பத்தில் விட்டுப்போகும் தவணைகள் பெரும்பாலும் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியவை: தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி, போலியோ ஊக்கச் சொட்டு. 9 மாதத்தில் தொடங்கி 6 மாதத்துக்கு ஒருமுறை 5 வயது வரை தரும் வைட்டமின் ஏ திரவமும் அப்படித்தான் மறந்துபோகும். அட்டையை எடுத்துப் பாருங்கள்.

உங்களுக்கு டிடி (Td: ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பு) ஊசி 2 தவணை, 4 வார இடைவெளியில். முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு 3 ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றிருந்தால் 1 ஊக்கத் தவணை போதும். ஃப்ளூ ஊசி எந்த மாதத்திலும் போடலாம். ரூபெல்லா, சின்னியம்மை ஊசிகளைக் கர்ப்பிணிக்குப் போடக்கூடாது. அவை பிரசவத்துக்குப் பிறகு. பிக்மி (அரசின் கர்ப்பிணிகள் பதிவேடு) பதிவை 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் முடித்துவிடுங்கள். பரிசோதனைகளும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அந்தப் பதிவை ஒட்டித்தான் வரும்.

காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு பாட்டிலிலும் ஒவ்வொரு அளவு போட்டிருக்கிறதே?

அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பாராசிட்டமால் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. அது,

1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி.
5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி.
5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி.

சிரப் அளவை நினைவில் வைத்துச் சொட்டு மருந்தில் 6 மி.லி. கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும், கல்லீரல் கெடும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து, மருந்தோடு வரும் பில்லர் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். டெங்கு காலத்தில் ஐபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் வேண்டாம். உங்களுக்கே காய்ச்சல் என்றாலும் பாராசிட்டமால்தான். ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, தொடவே வேண்டாம்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ, கையில் சாவிக்கொத்தோ வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும் முதல் முறை என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்தே கிடையாது, நேரே ஆஸ்பத்திரி.

பேதிக்கு ஓஆர்எஸ் கொடுத்தும் நிற்கவில்லையே?

ஓஆர்எஸ் பேதியை நிறுத்தும் மருந்து இல்லை. போகிற நீரையும் உப்பையும் திருப்பித் தருவது. பேதி 3, 4 நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதுவரை உடம்பு வற்றாமல் பார்ப்பதே வேலை.

பாக்கெட்டின் மேல் 1 லிட்டருக்கா, 200 மி.லி.க்கா என்று முதலில் பாருங்கள். இரண்டும் கடையில் உண்டு. முழுப் பாக்கெட்டையும், காய்ச்சி ஆறிய அளந்த தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டால் உப்பு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். கூடினால் பேதியே அதிகமாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். 2 வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி தொடங்குங்கள். அட்டைப்பெட்டியில் விற்கும் பழச்சுவை பானங்கள் ஓஆர்எஸ் அல்ல, அவற்றின் சர்க்கரை பேதியைக் கூட்டும்.

கூடவே துத்தநாக மாத்திரை: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி., 14 நாள். பேதி நின்ற அன்றே நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. மிச்ச நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவது குறையும். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, துவண்டு, குடிக்க முடியாமல் கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் இருந்தாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

சளிக்குக் கற்பூரத் தைலம், சாம்பிராணிப் புகை?

இரண்டும் வேண்டாம். கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கும். சாம்பிராணியும் கொசுவர்த்திப் புகையும் பிள்ளையின் மூச்சுக்குழாயையும் எரிச்சலூட்டும், உங்களுக்கும் ஆகாது. குளித்த தலையைத் துண்டால் துடைத்து மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டால் போதும். இருமல் சிரப் 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மறுபடி அறிவுறுத்தியிருக்கிறது. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு. 1 வயது தாண்டியிருந்தால் இரவில் அரை டீஸ்பூன் தேன். 1 வயதுக்குள் தேன் கூடாது.

கவனிக்க வேண்டியது மூச்சை. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு 1 நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 1 வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும் நிமோனியாவாக இருக்கலாம். இரவென்றும் பாராமல் கிளம்புங்கள்.

ராத்திரி தூக்கமே இல்லை. நெஞ்செரிச்சல், கால் பிடிப்பு, நடுவில் பிள்ளை வேறு.

இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குள் முடித்து 2 மணி நேரம் கழித்துப் படுங்கள். பிள்ளைக்கு ஊட்டும் நேரத்திலேயே நீங்களும் சாப்பிட்டுவிடுவது சுலபம். தலையணையை மட்டும் உயர்த்தினால் கழுத்து வலிக்கும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். 28 வாரத்துக்கு மேல் பக்கவாட்டில் படுங்கள், இடப்பக்கம் நெஞ்செரிச்சலையும் குறைக்கும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த புடவை. விழித்துப் பார்க்கும்போது மல்லாந்திருந்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி முறித்தால் இன்னும் இறுகும். படுக்கும் முன் சுவரைப் பிடித்து நின்று கெண்டைக்கால் தசையை அரை நிமிடம் நீட்டினால் பிடிப்பு குறையும். ஒரே ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் விடாத வலியும் இருந்தால் அது வேறு. இரத்தம் கட்டியிருக்கலாம், அழுத்தித் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூத்த பிள்ளையை இரவில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆறாம் மாதத்திலேயே அப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு திடீரென மாற்றினால், தம்பியோ தங்கையோ வந்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்று பிள்ளை நினைக்கும்.

பப்பாளி? குங்குமப்பூ?

பழுத்த பப்பாளி சாப்பிடலாம். பால் வடியும் காய் வேண்டாம். குங்குமப்பூவால் நிறம் மாறாது. அந்தப் பணத்துக்கு முட்டையும் பழமும் வாங்குங்கள்.

எது சாதாரணத் தொந்தரவு, எதற்கு ஓட வேண்டும்?

மாலையில் இரு பாதமும் வீங்கி, காலையில் வடிந்தால் சாதாரணம். முகமும் விரல்களும் வீங்கி, தலைவலி விடாமல் இருந்து, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பில்லாத அரிப்பு, இரவில் அதிகமானால் கல்லீரல் பரிசோதனை வேண்டும். 28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், இனிப்பு சாப்பிட்டுவிட்டு நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மூத்தவன் பின்னால் ஓடும் நாளில் அசைவை மறந்துவிடுவது எளிது. தினம் ஒரே நேரத்தில், பிள்ளை தூங்கிய பிறகு, பக்கவாட்டில் படுத்துக் கவனியுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ இரத்தம் பட்டாலோ 108.

பிரசவத்துக்குப் போகும்போது மூத்த குழந்தையை எப்படி விட்டுச் செல்வது?

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலைவிட வேகமாக நடக்கும். வலி எடுத்த பிறகு ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது. 36 வாரத்துக்குள் யாரிடம் விடுவது என்று முடிவு செய்து, அவரோடு இரண்டு மூன்று இரவு பிள்ளையைப் பழக்குங்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளையின் எடை, காய்ச்சல் மருந்து எத்தனை மி.லி., எந்தப் பாட்டில், ஒவ்வாமை ஏதும் உண்டா, என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும், தடுப்பூசி அட்டை எங்கே. ஓஆர்எஸ் 2 பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் அதோடு இருக்கட்டும். மூத்தவனுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால், பச்சைக் குழந்தையைப் பார்க்க அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர வேண்டாம். நன்றாக இருந்தால் கை கழுவவைத்து, பாதத்தைத் தொட்டுக் கொஞ்சச் சொல்லுங்கள், முகத்தில் முத்தம் வேண்டாம். அவன் அறைக்குள் நுழையும்போது குழந்தை உங்கள் கையில் இல்லாமல் தொட்டிலில் இருக்கட்டும். முதலில் அவனை அணைத்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும்.